வீடு மாறும் இயங்குதளம்

கணிப்பொறி இல்லாத இல்லம் அரிதாகிவிட்ட காலம் இது. பிள்ளைகளின் பாடம், பெரியோரின் ஓய்வூதியத் தாள், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா, மகளின் சாதகம், பேரனின் முதற்பிறந்தநாட் படங்கள் ஆகிய யாவும் அதன் வயிற்றிலே அடங்கியிருக்கின்றன. ஏழெட்டு ஆண்டு உழைத்த பொறி ஒருநாள் தளரத் தொடங்குகிறது. காலையில் விசையை அழுத்திவிட்டுச் சென்று காப்பி கலந்து குடித்துத் திரும்பிய பின்பும் திரையிலே வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. இதைத் தள்ளிவிட்டுப் புதியதொன்று வாங்கலாமா என்று நம் சங்கத்துக் குடும்பத்தார் பலர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டுள்ளனர். இத்திங்கள் அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம்.

விடையை முதலிலேயே கூறிவிடுவது நலம். இத்தகைய பொறிகளுட் பெரும்பாலானவற்றில் கணக்கிடும் பகுதி நல்ல நிலையிலேயே இருக்கும். தாமதம் செய்வது, ஹார்டு டிஸ்க் என்று யாவரும் வழங்கும் வன்தட்டு. அதனை மட்டும் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பானைப் பொருத்திக்கொண்டால், பொறி இன்னும் சில ஆண்டுகள் சோர்வின்றி உழைக்கக்கூடும். ஆனால் பழைய தட்டிலே குடியிருக்கும் விண்டோஸ் முதலிய இயங்குதளத்தையும், அதனை அண்டி வாழும் நம் கோப்புக்களையும் புதிய இடத்திற்குக் கொண்டுசேர்ப்பது எவ்வாறு? அங்கேதான் பலர் இடறுகின்றனர்.

வன்தட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் ஒரே அச்சிற் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து தாங்கியவை 50 இலட்சம் எழுத்துக்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே நிழற்படத்திற்கும் அவ்விடம் போதாமற் போகலாம். பின்னர் உருவம் சுருங்கிக் கொள்ளளவு பெருகிற்றாயினும், தட்டு சுழல்வதும் அதன்மேல் ஒரு முனை நகர்ந்து படிப்பதும் மாறவில்லை. மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. வேண்டிய எழுத்து முனைக்குக் கீழே வந்து சேரும்வரை பொறி காத்திருக்கவேண்டும். இயங்குதளம் கண்விழிப்பதற்கு ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைத் திறக்கவேண்டியிருப்பதால், இக்காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிமிடங்களாகின்றன. எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வது ஏதுமில்லை. மின்சில்லிலிருந்து விடை ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியின் பத்திலொரு பங்கில் வந்துவிடுகிறது. பழைய பொறி இளமை பெற்றதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே.

இனி, பழைய தட்டிலுள்ள கோப்புறைகளை எல்லாம் தெரிவுசெய்து புதியதில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாதா என்று சிலர் கேட்கின்றனர். முடியாது. மாற்றலாகி ஊர் ஊராய்க் குடிபெயர்ந்த நமக்கு இதனை விளக்குவது எளிது. கட்டில், பீரோ, பாத்திரங்களை லாரியில் ஏற்றி இறக்கிவிட்டால் மட்டும் குடித்தனம் மாறியதாகிவிடுமா? பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், எரிவாயு இணைப்பின் மாற்றுச் சீட்டு, ரேஷன் அட்டையில் புதிய முகவரி ஆகியனவும் வந்து சேர்ந்தாலன்றிப் புதிய ஊரில் அடுப்பும் எரியாது, பிள்ளையும் பள்ளி செல்லாது. சாமான் பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. எனினும் இவையின்றி வாழ்க்கை தொடங்குவதில்லை.

வன்தட்டிலும் அத்தகைய கண்ணுக்குப் புலனாகாத தாள்கள் உண்டு. பழைய முறையில் அமைந்த தட்டின் முதல் 512 பைட்டுக்களிலே தொடக்கக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் முதல் 446 பைட்டுக்கள் பொறியை எழுப்பும் சிறு ஆணைத்தொடர். அடுத்த 64 பைட்டுக்கள் தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணை. இம்முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அண்மைக்காலப் பொறிகளில் ஜி.பி.டி. என்னும் புதுமுறை வழங்குகிறது. அதில் தொடக்கத்திற்கென்றே தனியாக ஒரு சிறு பிரிவு இருக்கும். விண்டோஸ் அதற்குப் பொதுவாக 100 மெகாபைட் ஒதுக்குகிறது. பழுது நேர்ந்தால் மீட்பதற்கான மற்றொரு பிரிவும் உண்டு. நாம் அன்றாடம் திறந்து பார்க்கும் சி என்னும் பகுதியில் இவை தென்படுவதில்லை. மேலும் விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது தன் முக்கியமான கோப்புக்கள் சிலவற்றைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. ஆகவே கையால் நகலெடுத்த தட்டு, சாமான் நிறைந்திருந்தும் சாவியில்லாத வீடு போன்றது. விசையை அழுத்தினால் இயங்குதளம் காணப்படவில்லை என்னும் ஒற்றை வரிதான் திரையில் மின்னும்.

இதனாலேயே தட்டினை முழுமையாக, தொடக்கக் குறிப்பு முதல் கடைசிப் பிரிவு வரை, அப்படியே படியெடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதனைக் குளோன் செய்தல் என்பர். புதிய தட்டில் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவுதல் மற்றொரு வழி. அங்காடியில் ஃபார்மட் போடுதல் என்று வழங்குவது இரண்டாவதைத்தான். கடைக்காரருக்கு அஃது எளிது. அரைநாளில் முடிந்துவிடும். நம் கோப்புக்களைப் பற்றி அவர் கேட்டால் உண்டு, கேளாவிட்டால் இல்லை.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் நேர்ந்ததை அவர்கள் இசைவுடன் இங்கே குறிப்பிடுகிறோம். தந்தையார் காலமாவதற்கு முன் பத்தாண்டுகளாகக் கணிப்பொறியிலே தமிழில் தட்டெழுதி வைத்த கடிதங்களும், குலதெய்வக் கோயிலின் வரவுசெலவும், உறவினர் வரிசையும் அதில் இருந்தன. பொறி மெதுவாகிறது என்று கடையொன்றில் கொடுத்தார்கள். மறுநாள் அது பறந்துகொண்டு வந்தது. திரையோ துடைத்த கல்போல் வெறுமையாயிருந்தது. எல்லாம் போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் இருக்குமா என்று இவர்களும் கேட்கவில்லை. அந்த அம்மையார் நம்மிடம் கூறியது ஒன்றே: "புதுப் பொறி வாங்கக் காசு சேர்த்துவிடலாம், அவர் எழுதியதை எந்தக் கடையில் வாங்குவது?" இப்பகுதியை எழுதத் தூண்டியது அவ்வினாவே.

ஆதலின் செய்யவேண்டியவற்றை ஒழுங்குபடக் கூறுவோம்.

முதலாவது, காப்பு. குளோன் செய்யப்போகிறோமே, அதுவே காப்பல்லவா என்று எண்ணுதல் கூடாது. வேறொரு வெளித்தட்டிலோ பெரிய பென் டிரைவிலோ படங்களையும் கடிதங்களையும் ஆவணங்களையும் முதலிலே படியெடுத்து, அவற்றுட் பத்துப் பன்னிரண்டைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்க. பழைய தட்டிலிருந்து டிக், டிக் என்ற ஒலி வந்தாலோ, கோப்புக்கள் திறக்க மறுத்தாலோ, தட்டு இறுதிக்காலத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது மற்றைய ஆராய்ச்சிகளை எல்லாம் விட்டு, முதன்மையான கோப்புக்களை மீட்பதிலேயே கருத்தைச் செலுத்தவேண்டும்.

இரண்டாவது, பொருத்தமான சேமிப்பானை வாங்குதல். இரயில்வேயில் அகலப்பாதை வண்டி 1,676 மில்லிமீட்டர் இடைவெளியிலும் மீட்டர்ப்பாதை வண்டி 1,000 மில்லிமீட்டர் இடைவெளியிலும் ஓடுவன. ஒன்றின் பாதையில் மற்றொன்று ஓடாது. எஸ்.எஸ்.டி.யிலும் அவ்வாறே பாதைகள் பல. பழைய மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் இரண்டரை அங்குலச் சாட்டா வகை பொருந்தும். சூயிங்கம் பட்டைபோல் மெலிந்த எம்.2 வகையிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு பிரிவுண்டு. தோற்றத்தில் உடன்பிறந்தவைபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமற் போகலாம். தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை என்று கணிப்பொறி அங்காடிகள் உள்ளன. எங்கே சென்றாலும் பொறியின் மாதிரி எண்ணை எழுதி எடுத்துச் செல்க. பெட்டியில் 500 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்க, திரையிலே 465 என்று காட்டினால் கடைக்காரரோடு பூசலிட வேண்டுவதில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே. புதிய சேமிப்பான் பழையதைவிடச் சிறியதாயின் குளோன் செய்யும் செயலிகள் சில மறுத்துவிடும். கூடியமட்டும் ஒத்த அளவோ பெரியதோ வாங்குவது நன்று.

மூன்றாவது, பூட்டின் திறவுகோல். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில், நாம் அறியாமலே பிட்லாக்கர் என்னும் மறைகுறியாக்கம் செயற்படுகிறது. தட்டை மாற்றியபின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவெண்ணைப் பொறி கேட்டால் விழிக்க நேரும். ஆகவே முன்கூட்டியே அமைப்புகளில் சென்று அதனை நிறுத்திவிடுக. திறவெண்ணைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்க.

நான்காவது, படியெடுத்தல். எஸ்.எஸ்.டி. உற்பத்தியாளர் சிலர் இதற்கான செயலியை இலவசமாகவே தருகின்றனர். விண்டோஸ் இயங்கும்போதே அது வேலை செய்யும். தைவான் நாட்டில் உருவாகிய குளோன்சில்லா என்பது யாவர்க்கும் இலவசமானது. பென் டிரைவிலிருந்து தொடங்கி, விண்டோஸ் உறங்கும்போது படியெடுக்கும். இதனைக் கையாள்வோர் விண்டோஸை முற்றிலும் அணைத்திருக்க வேண்டும். வழக்கமாக அணைக்கும்போது விண்டோஸ் பாதி விழிப்பிலேயே கிடக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அணைத்தால் முழுதும் அணையும். யூ.எஸ்.பி. இணைப்பு வடத்தின் மூலம் புதிய சேமிப்பானைப் பொறியோடு இணைத்து, மின்சாரமும் தடைபடாதவாறு பார்த்துக்கொள்க. வடமும் துளையும் பழைய 2.0 வகையாயின் நொடிக்கு 35 மெகாபைட் அளவே செல்லும். 200 ஜிகாபைட் சேர ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாகும். 3.0 வகையாயின் பழைய தட்டின் வேகமே எல்லை. நொடிக்கு 80 மெகாபைட் என்று கொண்டால் முக்கால் மணி நேரத்திற்குள் முடியும்.

இக்கட்டத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறுகிறோம். எதிலிருந்து, எதற்கு என்று செயலி இரு வினாக்களைக் கேட்கும். இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் வெறுமையான புதிய தட்டு, நிறைந்த பழைய தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். அதன்பின் மீட்சி இல்லை. பார்சல் அலுவலகத்தில் அனுப்பும் நிலையமும் சேரும் நிலையமும் இடம் மாறினால் மூட்டை காலந்தாழ்ந்தேனும் திரும்பி வரும். இங்கே மூட்டையே மறைந்துபோகும். ஆகவே நிறுவனப் பெயர், மாதிரி எண், கொள்ளளவு மூன்றையும் இரு தட்டுக்களின் சீட்டிலிருந்தும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இல்லத்தில் மற்றொருவரையும் அருகிருத்தி, உரக்கப் படித்து ஒப்பிட்ட பின்பே ஆம் என்னும் விசையை அழுத்துக.

ஐந்தாவது, குடிபுகுதல். படியெடுத்து முடிந்ததும் பொறியை அணைத்து, பழைய தட்டை வெளியே எடுத்து, புதியதை மட்டும் பொருத்தித் தொடங்குக. இரட்டையர்போல் ஒரே அடையாளமுடைய இரு தட்டுக்களும் ஒருங்கே இருந்தால் விண்டோஸ் மயங்கி ஒன்றை ஒதுக்கிவிடக்கூடும். பொறி எழவில்லையாயின் பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையைப் பார்க்கவேண்டும். விண்டோஸின் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைந்திருப்பதால் தட்டு மாறினும் அது செல்லும். புதிய சேமிப்பான் பெரியதாயின் மிகுதி இடம் ஒதுங்கிக் கிடக்கலாம். அதனைச் சி பகுதியோடு இணைக்க முயலும்போது இடையே மீட்புப் பிரிவு குறுக்கிட்டால், அதனை அறியாமல் அழித்துவிடாது, தெரிந்தவரைக் கேட்டுச் செய்க.

தமிழ்க் குடும்பங்கள் தனியே கருதவேண்டிய ஒன்றுண்டு. பத்திருபது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் தட்டெழுதியவற்றுட் பல யூனிகோடில் அமைந்தவையல்ல. பாமினி, திஸ்கி, டாப் முதலிய பழைய எழுத்துருக் குறியீடுகளில் அமைந்தவை. யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான். அப்பழைய கோப்புக்களில் தமிழெழுத்து, ரோமன் எழுத்துக்களுக்கு உரிய எண்களையே இரவல் வாங்கி நிற்கிறது. உரிய எழுத்துரு பொறியில் இல்லையாயின், அப்பாவின் கடிதம் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாய்த் தோன்றும். குளோன் செய்தால் எழுத்துருக்களும் உடன்வந்துவிடும். புதிதாக நிறுவினால் அவை பழைய தட்டிலேயே தங்கிவிடும். கடிதத்தைக் காப்பாற்றியும் படிக்க முடியாத நிலை நேரும். எவ்வழியாயினும், விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள எழுத்துருக் கோப்புறையைத் தனியே படியெடுத்து வைத்துக்கொள்க. ஓய்வு கிட்டும்போது அக்கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் நன்மை.

குளோன் செய்தல் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. நச்சுநிரல் புகுந்த பொறியைப் படியெடுத்தால் நச்சும் உடன் குடிபெயரும். முற்றிலும் வேறான பொறிக்குப் பழைய தட்டின் படியைக் கொண்டுசெல்வதும் பல வேளைகளில் உரிமத்திலும் சாதனங்களிலும் இடர்ப்பாடு விளைக்கும். அவ்விடங்களில் புதிதாக நிறுவுவதே முறை; ஆனால் காப்பு எடுத்த பின்பே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. குளோன் செய்தால் 10 என்பது 11 ஆகிவிடாது. விண்டோஸ் 11 கோரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு முதலியவை இல்லாத பழைய பொறியுடையோர், எஸ்.எஸ்.டி.யின் மேல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது பற்றி எண்ணலாம். அவற்றிலும் தமிழில் எழுதலாம், படிக்கலாம்.

இறுதியாகப் பழைய தட்டு. புதிய பொறி வேகமாக ஓடுகிறது என்னும் மகிழ்ச்சியில் அதனை உடனே துடைத்துவிட வேண்டா. ஒரு திங்கள் வரை தொடாமல் பீரோவில் வையுங்கள். அதற்குள் படங்கள், கடிதங்கள், வரிக்கணக்கு, பிள்ளைகளின் பாடங்கள் யாவும் புதியதில் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். குறையில்லை என்று தேர்ந்தபின், தட்டு நலமாயிருந்தால் சிறு யூ.எஸ்.பி. உறையிலிட்டு மாதமொருமுறை காப்பு எடுக்கப் பயன்படுத்தலாம். விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ எண்ணினால், விரைவு ஃபார்மட் போதாது. அது பட்டியலை அழிக்குமேயன்றிச் சரக்கை அழிக்காது. விரைவு என்னும் குறியை நீக்கி முழு ஃபார்மட் செய்தால் விண்டோஸ் தட்டு முழுவதும் சுழியங்களை எழுதும். நம் வங்கித் தாள்கள் அயலார் கைக்குப் போகாமற் காப்பது இதுவே.

இத்தனையும் தாமே செய்ய இயலாதோர் கடையிற் கொடுப்பதில் குற்றமில்லை. கொடுக்கும்முன் மூன்று வினாக்களைக் கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி வாங்குக. குளோன் செய்வீர்களா, ஃபார்மட் போடுவீர்களா? என் கோப்புக்கள் அனைத்தும் இருக்குமா? பழைய தட்டை என்னிடமே திருப்பித் தருவீர்களா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பொறியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதே அறிவுடைமை. பொறி இன்னும் நான்கு நாள் மெதுவாக ஓடினால் கெட்டுவிடுவது ஒன்றுமில்லை.

பொறியின் மாதிரி எண்ணையும் தட்டின் கொள்ளளவையும் குறித்துச் சங்கச் செயலாளர் வாயிலாக எழுதுவோர்க்கு, எந்த வகைச் சேமிப்பான் பொருந்தும் என்பதை அடுத்த இதழில் தெரிவிப்போம்.